ஆந்தைச் சின்னக் கல்லூரி

ஆந்தை அலறினால் ஊருக்கு ஆகாது என்பது நம்மவர் நம்பிக்கை. ஆனால், நீலகிரி மலையில், குன்னூருக்கு அண்மையிலுள்ள வெலிங்டனில், அதே ஆந்தையை அறிவின் சின்னமாகக் கொண்டு ஒரு கல்லூரி நடைபெறுகின்றது. இந்தியப் பாதுகாப்புப் படைகளின் பதவிநிலைக் கல்லூரி என்பது அதன் பெயர். போரையும் அறிவோடு செய்க என்னும் பொருளுடைய வடமொழி வாசகமே அதன் குறிக்கோள்.

துப்பாக்கி பிடிக்கக் கற்பிக்கும் இடமன்று இது. பல்லாண்டு சேவை செய்த முப்படை அதிகாரிகள், உயர் பதவிகளுக்குத் தகுதி பெறும்பொருட்டு ஏறக்குறைய ஓராண்டு இங்கே பயில்கின்றனர். தளபதியின் முடிவைச் செயலாக்கும் வழிவகைகளே பாடம். உதாரணமாக, நமது வாவியைப் படையொன்று எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குக் கடக்க வேண்டுமாயின், எந்தப் பாலம் லொறியைத் தாங்கும், எந்தத் துறையில் தோணி கிடைக்கும், நாளொன்றுக்கு எவ்வளவு அரிசியும் மருந்தும் வேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே கணித்தல் வேண்டும்.

இக்கல்லூரியின் வரலாறு சுவையானது. கிச்சனர் பிரபு பிரித்தானிய இந்தியாவின் சேனாதிபதியாக விளங்கிய காலத்தில், 1905 இல், பம்பாய் மாகாணத்துத் தேவளாலியில் இது தோன்றியது. 1907 இல் பலுச்சிஸ்தானத்துக் குவெட்டாவுக்கு மாறியது. பின்னாளில் உலகப் புகழெய்திய மொண்ட்கொமறி அங்கே ஆசிரியராயிருந்தார். பர்மாவில் வென்ற ஸ்லிம் அங்கே மாணவராயிருந்தார்.

1947 இல் நாடு பிரிந்தபோது கல்லூரியும் பிரிந்தது. குவெட்டாக் கல்லூரி பாகிஸ்தானுக்காயிற்று. இந்தியா வெலிங்டனில் புதிதாகத் தொடங்கியது. குவெட்டாவில் 1943 இல் பயின்று, பின்னர் வெலிங்டன் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர் மானெக்‌ஷா. குவெட்டாவில் கற்பித்தவர் யாஹியாகான். 1971 ஆம் ஆண்டுப் போரில், முன்னவர் இந்தியத் தரைப்படைத் தளபதி. பின்னவர் பாகிஸ்தானின் அதிபதி. ஒரே கலைக்கூடத்தின் அறிவு இரு புறத்தும் நின்று பொருதது!

இஃது எங்கோ நடந்த கதையென நாம் ஒதுக்கிவிட இயலாது. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை மட்டக்களப்பிலும் நிலைகொண்டிருந்தது. அதன் பின்னரும் இந்நாட்டில் போர் 2009 வரை நீடித்தது. இலங்கை அதிகாரிகளும் வெலிங்டன் சென்று பயின்றுள்ளனர். கொழும்புக்கு அண்மையில், சபுகஸ்கந்தையில், நம் நாட்டுக்கும் இத்தகைய கல்லூரி உண்டு. எங்கோ ஒரு மேசையில் விரித்த படத்தின்மீது கோடுகள் கீறப்பட்டன. அக்கோடுகளின் கீழே நம்மவர் வயலும் வலையும் வீடும் இருந்தன.

படத்தில் ஆழமும் தூரமும் குறிக்கப்படும். அழும் குழந்தை குறிக்கப்படுவதில்லை. அதனையும் கணக்கிற் சேர்க்கக் கற்ற அதிகாரியே ஆந்தைச் சின்னத்துக்கு உரியவர் என்போம். அவ்வாறு எண்ணத் தெரிந்தவர், போரை வெல்லும் வழியை மாத்திரமன்று, தவிர்க்கும் வழியையும் தேடுவார்.