நெகிழிப் புகையும் உயிர்களும்: ஜெஞ்சாரோம் உணர்த்தும் பாடம்

முன்னுரை

சூழல் மாசினை நிலம், நீர், காற்று, ஒலி என நான்காகப் பகுத்துக் கூறுவது வழக்கம். கற்பித்தலுக்கு இப்பகுப்பு வசதியானதே. ஆயினும் வாழ்க்கையில் இவை தனித்தனியே நிகழ்வதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன அந்நிலத்தின் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. மனிதரை அவர்தம் நிலத்திலிருந்தும் உடன்வாழும் உயிர்களிலிருந்தும் பிரித்து நோக்காத மரபு நம்முடையது. அம்மரபின் பார்வையில், சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்திலுள்ள ஜெஞ்சாரோம் என்னும் சிற்றூரில் 2018ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை ஆராய்ந்து, நெகிழிக் கழிவை எரிப்பதால் மக்களுக்கும் விலங்குகளுக்கும் விளையும் கேட்டினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெஞ்சாரோமுக்குக் கழிவு வந்த வழி

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் ஜெஞ்சாரோம். கிள்ளான் துறைமுகம் அதற்கு அண்மையில் உள்ளது. ஊரின் பெயர் உலகச் செய்திகளில் இடம்பெறக் காரணமான முடிவோ, பெய்ஜிங்கில் எடுக்கப்பட்டதாகும். 1992 முதல் உலக நாடுகள் இறக்குமதி செய்த நெகிழிக் கழிவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைச் சீனா ஒன்றே பெற்று வந்தது. 2017 ஜூலையில், அத்தகைய கழிவுகளை இனி ஏற்பதில்லை என்று அந்நாடு உலக வணிக அமைப்புக்கு அறிவித்தது. 2018 தொடக்கத்தில் தடை நடைமுறைக்கு வந்தது.

ஒரு கதவு மூடப்படவே, கழிவு வேறு கதவுகளைத் தேடியது. மலேசியாவுக்குக் கழிவு அனுப்பிய முதன்மையான பத்து நாடுகளிலிருந்து மட்டும் 2016இல் 168,500 டன் வந்திருந்தது. 2017இல் அது 316,600 டன்னாக உயர்ந்தது. 2018இன் முதல் ஏழு மாதங்களிலேயே 456,000 டன்னை எட்டியது. துறைமுகத்தின் அண்மை, மலிவான நிலம், வெளிப்பார்வைக்கு மறைவளிக்கும் செம்பனைத் தோட்டங்கள் ஆகிய மூன்றும் உரிமமற்ற தொழிற்சாலைகளுக்கு ஜெஞ்சாரோமை உகந்த இடமாக்கின.

உருக்கிப் பயன்கொள்ளத் தக்க தூய நெகிழியைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. அழுக்கேறியவையும் பலவகை கலந்தவையும் பயனற்றவையாயின. அவற்றை முறையாக அப்புறப்படுத்தச் செலவாகும், எரித்துவிடச் செலவில்லை. ஆகவே அவை இரவில் எரிக்கப்பட்டன. நள்ளிரவில் எழும் நாற்றத்தினால் மக்கள் சன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்க நேர்ந்தது. இருமல், மூச்சுத்திணறல் எனப் பலரும் முறையிட்டனர்.

புகையில் இருப்பது என்ன?

நெகிழி என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பது ஒரே பொருளன்று. புட்டிகளின் அடியில் முக்கோணத்துள் 1 முதல் 7 வரை காணப்படும் எண்கள் வெவ்வேறு வகைகளைச் சுட்டுவன. இவற்றுள் 3 என்னும் எண்ணுக்குரிய பி.வி.சி.யில் குளோரின் உள்ளது. அது திறந்தவெளியில், குறைந்த வெப்பத்தில் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் வகை நச்சுகளும் உண்டாகின்றன. டையாக்சின்களுள் மிகக் கொடியதை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் பட்டியலில், அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் சேர்த்தது. எவ்வகை நெகிழி எரிந்தாலும் நுண்துகள்கள் எழும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய இத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, இதயத்தையும் இரத்த நாளங்களையும் தாக்க வல்லவை.

இவ்விடத்தில் ஒலி மாசினை ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். பேரிரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நகர இரைச்சலுக்கிடையே தம் குரல் கேட்கும்பொருட்டுச் சில பறவைகள் சுருதியை உயர்த்திப் பாடுவதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். எனினும், இரைச்சலின் தோற்றுவாய் அடங்கியவுடன் ஒலியும் அடங்கிவிடும். அதன் விளைவு உடலில் தங்கலாம், ஒலி தங்குவதில்லை. டையாக்சின் அவ்வாறானதன்று. தீ அணைந்த பின்னும் அது மண்ணிலும் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

விலங்கின் வழியே மனிதருக்கு

மனிதர் உடலில் சேரும் டையாக்சினில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது, சுவாசத்தின் வழியாக அன்றி உணவின் வழியாகவே வருகின்றது என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகின்றது. இறைச்சி, பால், மீன் ஆகியவை இதில் முதன்மையானவை. சாம்பல் படிந்த மண்ணைக் கோழி கிளறிக் கொத்துகிறது. நச்சு அதன் கொழுப்பில் சேர்ந்து முட்டைக்குச் செல்கிறது. முட்டை குழந்தையின் தட்டுக்கு வருகிறது.

இது வெறும் அனுமானம் அன்று. கிழக்கு ஜாவாவின் துரோப்போடோ என்னும் சிற்றூரில், இறக்குமதியான நெகிழிக் கழிவைத் தவ்ஹு தயாரிக்கும் பட்டறைகள் அடுப்பெரிக்கப் பயன்படுத்தின. அங்கே மேய்ந்து திரிந்த கோழிகளின் முட்டைகளில் மிக உயர்ந்த அளவில் டையாக்சின் இருந்தமை 2019இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. விலங்கு வேறு, மனிதர் வேறு என்னும் எண்ணத்தை அம்முட்டைகள் பொய்யாக்கின.

மக்களின் முயற்சியும் அரசின் நடவடிக்கையும்

ஜெஞ்சாரோம் மக்கள் இதனை விதியென்று ஏற்கவில்லை. கோல லங்காட் சுற்றுச்சூழல் நடவடிக்கைச் சங்கத்தினர் ஆலைகள் இயங்கிய இடங்களைத் தாமே தேடிக் கண்டறிந்து, சான்றுகளைத் திரட்டி அதிகாரிகளிடம் முறையிட்டனர். 2018 ஜூலையில், 114 தொழிற்சாலைகளின் இறக்குமதி அனுமதியை அரசு மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. கோல லங்காட்டில் 33 சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன. ஆயினும் ஏறத்தாழ 17,000 டன் கழிவு ஊரிலேயே கைவிடப்பட்டுக் கிடந்தது. ஆலையை மூடுதல் எளிது. அது விட்டுச்சென்றதை அகற்றுதல் அரிது.

2019 மே மாதத்தில், 60 கொள்கலன்களிலுள்ள 3,000 டன் கழிவு அனுப்பிய நாடுகளுக்கே திருப்பப்படும் என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ இன் அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கலப்படமான நெகிழிக் கழிவைப் பெறும் நாட்டின் முன்னிசைவு கட்டாயம் என்னும் பாசல் ஒப்பந்தத் திருத்தமும் 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலை 1 முதல், அவ்வொப்பந்தத்தில் சேராத நாடுகளின் நெகிழிக் கழிவை மலேசியா ஏற்பதில்லை.

முடிவுரை

நம் மாணவர்கள் எழுதும் சுற்றுச்சூழல் கட்டுரைகளில், மறுசுழற்சி செய்தால் மாசு நீங்கும் என்னும் வாக்கியம் பெரும்பாலும் இறுதியில் வந்து அமர்கின்றது. ஜெஞ்சாரோமில் எரிந்த கழிவும் எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு மறுசுழற்சித் தொட்டியில் இட்டதாக இருக்கலாம். 2015 வரை உலகில் உண்டான நெகிழிக் கழிவில் 9 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்பட்டது என்னும் கணக்கினையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே தமிழாசிரியர் அவ்வாக்கியத்தை அடிக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் மூன்று வினாக்களை எழுதினால் போதும். அப்பொருள் எவ்வகை நெகிழி? அது எந்த ஊருக்குச் செல்கிறது? பயன்படாத மிச்சத்தை அங்கே யார் சுவாசிக்கிறார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர், குறைத்தலும் மறுபயனீடும் மறுசுழற்சிக்கு முன்னே வைக்கப்படுவதன் காரணத்தைத் தாமாகவே உணர்வர்.