சோபா ரசிகன் – 14: ஓரத்தில் இருக்கும் ஆள்

'பாட்ஷா' இதுவரை எத்தனை தடவை டிவியில் ஓடியிருக்கும் என்று சேனல்காரர்களே கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். 1995 பொங்கலுக்கு விசிலடித்துப் பார்த்த படத்தை இன்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்க்கிறோம். கதை தெரியும், அடுத்த வசனம் தெரியும், எந்த இடத்தில் விளம்பரத்துக்கு வெட்டுவார்கள் என்பதுகூடத் தெரியும். இப்படி எல்லாமே தெரிந்துபோன பிறகுதான் கண் ஹீரோவை விட்டு மெல்ல நகர்கிறது. நகர்ந்து ஓரத்தில் நிற்கிற ஆளிடம் போய் நிற்கிறது.

இந்த வாரம் என் கட்சி அதுதான். ஒரு நடிகரை எடைபோட வேண்டும் என்றால் முதல் நாள் முதல் காட்சி சரிப்படாது. ஏழாவது தடவை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாதிப் படத்தில் வந்து உட்கார வேண்டும்.

'பாட்ஷா'வில் தங்கைக்கு மெடிக்கல் காலேஜ் சீட் கேட்கப் போகும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜை நடத்துகிறவர் தவறான எண்ணத்தோடு பேசுகிறார். அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ரஜினி ஏதோ சொல்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதால் ஒரு வார்த்தை நம் காதில் விழாது. வெளியில் நிற்கிற தங்கைக்கும் விழாது. தியேட்டரில் பார்த்தபோது ரஜினியின் கையையும் உதட்டையும்தான் எல்லோரும் பார்த்தோம். இப்போது அடுத்தவரைப் பாருங்கள். ஒரு பணக்காரனின் அலட்சியம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அந்த உடம்பில் பயம் ஏறுகிறது. ஆட்டோ ஓட்டுகிற மாணிக்கத்துக்குப் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நமக்குச் சொல்வது அந்த மனிதரின் முகம்தான். அவர் சரியாகப் பயப்படவில்லை என்றால் அந்தக் காட்சியே படுத்துவிடும். 'மாஸ்' என்று நாம் கை தட்டுவதில் சரிபாதி, எதிரே இருக்கிற ஆள் போடுகிற பிச்சை. வில்லன் ரகுவரன் இல்லாத 'பாட்ஷா'வை யோசித்துப் பாருங்கள். அந்தக் கோட்டும் நடையும் பள்ளிக்கூட ஆண்டு விழா மாறுவேடப் போட்டி மாதிரி ஆகியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஓரத்து ஆட்களை ரொம்ப காலம் டிவியே நமக்குக் காட்டாமல் மறைத்தது. பழைய டப்பா டிவியின் திரை 4:3. அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று. சினிமாஸ்கோப் படமோ உயரத்தைப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேல் அகலம். தமிழில் 1973-ல் 'ராஜ ராஜ சோழன்' அந்த அகலத்தைத் தொடங்கி வைத்தது. பிற்பாடு அதுவே வழக்கமாகிவிட்டது. இதை டிவிக்குள் அடைக்க இரண்டே வழி. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடலாம். அல்லது இரண்டு பக்கமும் வெட்டலாம். பட்டை விட்டால் படம் சின்னதாகத் தெரிகிறது என்று வீட்டில் சண்டை வரும். வெட்டினார்கள். படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போயே போய்விட்டது. ஹீரோ நடுவில் நின்று பேசுவார். பதில் சொல்கிறவரின் மூக்கு மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். பஞ்சாயத்துக் காட்சியில் நாட்டாமை இருப்பார், பஞ்சாயத்து இருக்காது.

இப்போதைய அகல டிவியில் இந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால், திரை முழுக்க நிரம்ப வேண்டும் என்று ரிமோட்டில் யாராவது எதையாவது அமுக்கி வைத்திருப்பார்கள். நாகேஷே குண்டாகத் தெரிகிறார். இதைவிட அவருக்கு ஓர் அவமரியாதை செய்ய முடியாது.

சினிமாஸ்கோப்புக்கு முந்தைய படங்கள் டப்பா டிவிக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தின. டி.எஸ். பாலையா எங்கள் தலைமுறைக்கு முழுசாகக் கிடைத்தது அந்தப் புண்ணியத்தில்தான் என்று நினைக்கிறேன். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி யாருக்கும் மறக்காது. எல்லோரும் நாகேஷைத்தான் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அடுத்த தடவை அந்தக் காட்சி வரும்போது நாகேஷை ஒரு நிமிடம் மறந்துவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு வசனம் சொற்பம். வேலை, கேட்பது. வசதியான, கறாரான அப்பா. மகன் சினிமா எடுக்கிறேன் என்று அலைவதைப் பொறுக்காதவர். அப்படிப்பட்டவர் கதை கேட்க உட்கார்ந்து, அந்தப் பெரிய உடம்போடு ஒரு குழந்தை மாதிரி கதைக்குள் விழுந்துவிடுகிறார். கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. அவர் பயந்தால்தான் நாகேஷின் வாயசைப்புக்கும் கையசைப்புக்கும் அர்த்தம். சிரிக்கவைப்பது நாகேஷ் என்று நினைத்துக்கொண்டு நாம் பாலையாவின் முகத்துக்குத்தான் சிரிக்கிறோம்.

நாலு வருடம் கழித்து 'தில்லானா மோகனாம்பாள்'. காயம்பட்ட கையோடு நாதஸ்வரம் வாசிக்கும் சிவாஜியைப் பத்மினி பாட்டாலேயே நலம் விசாரிக்கிறார். அது இரண்டு பேருக்கு மட்டுமான பேச்சு. ஆனால் நடுவில் தவிலோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே. அது பாலையா. கேள்வியும் அவருக்குப் புரிகிறது, பதிலும் புரிகிறது, புரிந்தது என்று காட்டிக்கொள்ளவும் கூடாது, தாளமும் விடக்கூடாது. சிவாஜி என்னும் மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த மலையின் மேல் ஒரு கல்லைக்கூட அசைக்காமல், நம் கண்ணை ஒரு கணம் தன் பக்கம் இழுத்துவிடுகிறார். அந்தப் படத்தில் சிவாஜியைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் இன்னும் நாலு தடவை பார்க்கட்டும்.

பாலையாவுக்குப் பிறகு இந்தக் 'கேட்கும் கலை'யில் நான் வைக்கிற பெயர் டெல்லி கணேஷ். விமானப்படையில் வேலை பார்த்தவர், டெல்லியில் நாடகம் போட்டவர், 1977-ல் 'பட்டினப் பிரவேசம்' மூலம் பாலசந்தர் கொண்டுவந்தவர். 2024 நவம்பரில் இறந்தபோது எல்லா சேனலும் அவருடைய காமெடிக் காட்சிகளையே போட்டன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். 1987-ல் 'நாயகன்', வேலு நாயக்கருக்காகப் போலீஸ் அடியைத் தாங்குகிற அய்யர். 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்'. கமலின் அப்பாவைக் கொன்ற நால்வரில் ஒருவர். 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்'; பாலக்காட்டு சமையல்காரர் மணி அய்யர். நாலே வருடத்துக்குள், ஒரே கமலுக்கு எதிரே, மூன்று வேறு மனிதர்கள். விசுவாசி, கொலைகாரன், அப்பாவி அப்பா. மூன்றிலும் அதே முகம்தான், பெரிய ஒப்பனை கிடையாது.

'மைக்கேல் மதன காமராஜ'னில் அவர் வேலை இன்னும் கஷ்டம். கமல் நாலு வேடம் போட்டு, பாதி நேரம் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கும் படம். அதில் நிஜமாகவே எதிரே நின்று வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் கல்யாணக் காட்சியில் கிரேஸி மோகன் வசனம் மூச்சு விடாமல் ஓடுகிறது. மகனாக வரும் கமல், காமேஸ்வரன், வெலவெலத்துப் போகிறான். அப்பாவுக்கோ பரம்பரை கௌரவம், தொழில், ஆசாரம் மூன்றும் ஒரே பாத்திரத்தில் மூழ்குகின்றன. நமக்கு அது சிரிப்பு. அவர் ஒரு இடத்தில்கூட அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது இழவு வீடு. அதனால்தான் முப்பத்தைந்து வருடம் கழித்தும் அந்தக் காட்சி ஊசிப் போகவில்லை.

சீரியலுக்கு வருவோம். ஓரத்து ஆட்களுக்குச் சீரியல் மாதிரி இடம் கொடுக்கும் வடிவம் வேறு இல்லை என்று சிலர் சொல்வார்கள். மாமியார் ஒரு வார்த்தை சொல்வார். உடனே காமிரா மருமகள் முகத்துக்குப் போகும், அடுத்து நாத்தனார், அடுத்து கொழுந்தன், பிறகு டிரேயோடு நிற்கும் வேலைக்காரம்மா, மறுபடியும் மருமகள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இடிச் சத்தம். எல்லோருக்கும் ஒரே அளவு அதிர்ச்சி. ரேஷன் கடையில் அரிசி அளந்து போடுகிற மாதிரி அதிர்ச்சியை அளந்து போட்டால், அதில் யார் நடிப்பது? மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதிர்ச்சிக்கும் ஒரு வரம்பு கொண்டுவந்தால் தேவலை.

விதிவிலக்காக ஒருவர் வந்தார். 2022-ல் சன் டிவியில் தொடங்கிய திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்'. அதில் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். இயக்குநராக அவரை எத்தனை பேருக்குத் தெரிந்தது என்பது வேறு கதை. பெண்களை மட்டம் தட்டுகிற வீட்டுப் பெரிய மனுஷன் வேடம். அந்த மாதிரி வேடத்தில் மீசையை முறுக்கி மேஜையைத் தட்டுவது சுலபம். மாரிமுத்து சுலபத்தை விட்டுவிட்டார். வீட்டுப் பெண்கள் பேசும்போது அவர் கேட்கிற தோரணைதான் வில்லத்தனம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இது எப்போது முடியும் என்கிற பொறுமையோடு உட்கார்ந்திருப்பார். பிறகு பேச்சுவாக்கில், தென் மாவட்டத்து இழுவையில், ஒன்று சொல்வார். சமையலறையில் இருந்த பெண்கள் எல்லாம் ஹாலுக்கு வந்து திட்டுவார்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒரு பெரியவர், அந்த சீரியல் ஓடும் நேரத்தில் மட்டும் வாக்கிங் போக ஆரம்பித்தார். யாரைக் காட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

2023 செப்டம்பர் 8-ம் தேதி அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது, அன்றே போய்விட்டார். 'ஜெயிலர்' வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதில் வில்லன் ஆட்களில் ஒருவராக வந்திருந்தார். ரஜினி படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'நம்ம குணசேகரனும் இருக்காரு' என்று பேசிக்கொண்டது டிவி சினிமாவுக்குக் கொடுத்த பதிலடி. பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், கம்பீரமான ஆள். ஆனால் அவர் கோபப்பட்டால் கோபமாகத் தெரிந்தது. மாரிமுத்துவின் குணசேகரனிடம் கோபத்தைவிடச் சலிப்புதான் பயமுறுத்தியது. வேடத்தைக் கை மாற்றலாம், அந்தச் சலிப்பை எப்படி மாற்றுவது?

டிவியிலிருந்து எதிர்த்திசையில் போனவர் எம்.எஸ். பாஸ்கர். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' பட்டாபியாக வீட்டுக்கு வீடு தெரிந்தவர், 'பார்க்கிங்' படத்துக்காக 2025-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் ஆனார். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு பேர் கார் நிறுத்தும் இடத்துக்கு அடித்துக்கொள்கிற கதை. ஹரிஷ் கல்யாண்தான் ஹீரோ என்று போஸ்டர் சொல்கிறது. படத்தில் சுருங்கிச் சுருங்கி விஷமாகிறவர் பாஸ்கர். ஈகோ முற்றுகிற ஒவ்வொரு கட்டத்திலும் வாய்க்கு முன்னால் தோள்தான் பேசும். பார்க்காதவர்கள் தோளைக் கவனித்துப் பாருங்கள். அவருக்குக் கொடுத்த விருதின் பெயர் 'துணை நடிகர்'. அந்தப் படத்தில் யார் யாருக்குத் துணை என்று நடுவர்களைத்தான் கேட்க வேண்டும்.

(அடுத்த வாரம்: சினிமா அம்மாக்கள், பண்டரிபாய் முதல் சரண்யா வரை)