செப்புத் தகட்டில் சிறுவர் ஆட்டம்

பாரீசு மாநகரில் 1657-ஆம் ஆண்டு ஓர் அரிய படநூல் வெளிவந்தது. 'குழந்தைகளின் விளையாட்டுகளும் இன்பங்களும்' என்பது அதன் பெயரின் பொருள். சோப்புக் குமிழி ஊதுதல், பம்பரம் சுழற்றுதல், ஊஞ்சலாடுதல் என ஐம்பது படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிறு செய்யுள். வரைந்தவர் ழாக் ஸ்டெல்லா. ஆலயங்களுக்குத் திருப்படங்கள் தீட்டிய அரச ஓவியர். அவற்றைச் செம்பில் செதுக்கியவரோ, அவரைத் தாய்மாமனாகக் கொண்ட குளோதின் என்னும் இளநங்கை. 1636-இல் லியோன் நகரில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். உளி அவ்வீட்டுக்குப் புதிதன்று.

கூரிய எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிச் செம்பில் பள்ளமாகக் கோடு கீற வேண்டும். பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். உளி ஆழ்ந்தால் கோடு தடிக்கும், இலேசானால் மெலியும். வண்ணமில்லை. பிழைத்த கோட்டை அழிப்பதோ பெரும்பாடு. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் குழந்தையின் கொழுத்த கன்னத்தையும் முழங்கால் மடிப்பையும் எவ்வாறு காட்டுவது? உடலின் வளைவைத் தழுவியே கோடுகள் செல்கின்றன. நிழலில் தடித்து நெருங்கி, ஒளிபடும் இடத்தில் மெலிந்து வெறுந்தாளில் மறைகின்றன. பின்னுள்ள கட்டடங்களுக்கோ நேர்கோடுகள். அக்கல்லின் விறைப்பினாலேயே சதையின் மென்மை நமக்குப் புலப்படுகிறது.

படங்களின் அமைப்பும் கருதத்தக்கது. 1560-இல் புரூகல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சிறார் உயரத்திலிருந்து காணப்படுகின்றனர். தனித்தனி முகத்தைத் தேடித்தான் காண வேண்டும். ஸ்டெல்லா சிலரை மட்டும் நமக்கு நேரே, முன்னணியில் நிறுத்தினார். பலர் ஆடையின்றி, சிறகு மட்டுமில்லாத பீடத்துக் குழந்தைத் தூதர்களைப் போலவே இருக்கின்றனர். உரோமையில் பத்தாண்டுக்கு மேல் தங்கிப் பழஞ்சிற்பங்களைப் பயின்றவர் அவர். புனிதர்களை நிறுத்தும் அதே ஒழுங்கில் பம்பரம் விடும் சிறுவனையும் நிறுத்துகிறார். விளையாட்டைச் சில்லறைக் காரியமென்று தள்ளுவோர்க்கு இது வியப்பாயிருக்கலாம். இந்நூலின் பெருமையே அதுதான் என்பேன்.

நூல் வெளிவந்த அதே ஆண்டில் மாமன் மறைந்தார். குளோதின் திருமணம் செய்துகொள்ளாமல், 1697-இல் இறக்கும்வரை இக்கலையிலேயே வாழ்ந்தார். மாமனின் நண்பர் பூசேன் தீட்டிய, மோசே பாறையினின்று நீர் வருவிக்கும் ஓவியத்தை 1687-இல் செதுக்கினார். அப்படத்திலும் குழந்தைகள் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தாகம், ஆடுவதற்கு நேரமில்லை.