தலைவர் படுத்துவிட்டால் சாவி யாரிடம்?

அண்மையில் கெடாவில் ஒரு தோட்டத்துக் கிளைச் சங்கத் தலைவர் திடீரென்று படுத்துவிட்டார். இருபது வருடமாக அவர்தான் தலைவர், அவர்தான் காரியதரிசி. பொருளாளர் பேருக்கு ஒருவர். சம்பள வழக்கொன்று தொழிலாளர் இலாகாவுக்குப் போகவேண்டிய நாள் அது. கோப்பு எங்கே? பெட்டியில். பெட்டிச் சாவி எங்கே? அவருக்குத்தான் தெரியும். அவரோ பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வழக்கு தள்ளிப்போயிற்று. 11 குடும்பங்களின் பாக்கிச் சம்பளம் இன்னும் தொங்குகிறது.

அந்தத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரை தஞ்சோங் டாவாயில் கருவாட்டுக் கடையில் பார்த்தோம். "அவரு இல்லேன்னா நாங்க என்னங்க செய்யிறது?" என்றார். வியாதி தலைவருக்கு மட்டுமல்ல என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இங்கிருந்து பீடோங் அதிக தூரமில்லை. அங்கே ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படை நடத்தினார். கள்ளுக்கடையை மூடு என்று இளைஞர்கள் அணிவகுத்தார்கள். 1947-இல் போலீஸ் பாய்ந்தது. முன்னணியில் நின்றவர்கள் கைதானார்கள், படை கலைந்தது. அடக்குமுறைதான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் முன்வரிசையைப் பிடித்ததும் பின்வரிசை திகைத்துப் போனது என்பது எங்கள் கணிப்பு.

இதே கெடாவில் இன்னொன்றும் நடந்தது. வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. 1979-இல் அவர் காலமானார். பின்னர் துணைவியார் உமாசுந்தரி தலைமையேற்றார். வாரிசு வீட்டுக்குள்ளேயே அமைவது நல்ல வழக்கமா என்று கேட்டால் நாங்கள் தலையாட்ட மாட்டோம். இருந்தாலும் சங்கம் சாயவில்லை. பங்கு உறுப்பினர் பேரில் இருந்தது. கணக்கும் பொதுக்கூட்டமும் ஒருவர் சட்டைப்பைக்குள் அடங்கவில்லை.

நம்ம கிளையில் இப்போது பூட்டை உடைத்துப் பெட்டியைத் திறந்தாயிற்று. புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று பால்மரம் வெட்டும் ஓர் அம்மாவிடம். கோப்பை ஒரே இரவில் படித்துவிட்டு, விடுபட்ட மூன்று சம்பளச் சீட்டையும் அவரே தேடிப் பிடித்தார்.

பழைய தலைவர் தேறி வருகிறாராம், சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருவார். வந்ததும் சாவியைக் கேட்பார். இருபது வருடம் உழைத்த மனுஷரிடம் எப்படிச் சொல்வதென்று நாங்களும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.