இளையோருடன் உரோமாபுரியில் ஒருநாள்

பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட வயதினரான பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழம்பெரு நகரொன்றைக் காணப் புறப்படும் பெரியோர், புறப்படுமுன் ஒரு வினாவுக்கு விடை தேடிக்கொள்ளுதல் நன்று. அன்றைய பொழுது யாருக்கு உரியது என்பதே அவ்வினா. நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்த யாம் அதனை எழுப்பாமலே உரோமாபுரிக்குச் சென்று, ஒரு நாளை வீணாக்கி, மறுநாளிற் கற்றுக்கொண்டதை இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். எம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் தூரதேசங்களுக்குச் சென்று வருகின்றனராதலின், இஃது அவர்க்குப் பயன்படக்கூடும்.

எம்முடன் வந்தவர் எம் தமக்கையாரின் மக்கள் மூவர். மூத்தவன் 17 வயதினன், அடுத்தவளுக்கு வயது 15, இளையவளுக்கு 13. மூத்தவன் அவ்வாண்டிறுதியிற் பல்கலைக்கழகம் புகவிருந்தான். அதன்பின் மூவரையும் ஒருங்கே கூட்டிச் செல்லும் வாய்ப்பு எமக்கு மீண்டுங் கிட்டுமோ என்ற ஐயம் உள்ளத்தே இருந்தது. அவ்வையம் எம்மைப் பேராசைக்கு உள்ளாக்கிவிட்டது. கொலோசியம் என்னும் பேரரங்கு, பழைய மன்றத்தின் இடிபாடுகள், வத்திக்கான் அரும்பொருட்சாலை ஆகிய மூன்றையும் முதல் நாளிலேயே காட்டி முடித்துவிடத் துணிந்தோம். யூலை மாத வெயிலிற் குறிப்புப் புத்தகமுங் கையுமாய், மன்னர் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்புவித்துக்கொண்டே நடந்தோம். பிற்பகலில் இளையவள் ஒரு தூணின் நிழலில் அமர்ந்து எழ மறுத்தாள். மூத்தவன், "மாமா, இது விடுமுறையா, சோதனைக்கு முந்திய வகுப்பா?" என்று கேட்டான். இரவு உணவின்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தவறு எமதே என்பது உறக்கம் வாராத அவ்விரவில் எமக்குப் புலனாயிற்று. பிள்ளைகள் தம் கண்களாற் காணுமுன்னரே அந்நகரை எம் வாயாற் சொல்லித் தீர்த்துவிட்டோம். 2,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றையுடைய நகரை ஒரு நாளிற் கண்டு முடித்தல் எவர்க்கும் இயலாது. ஓர் இழையைப் பற்றிக்கொண்டு அதன் வழியே நடத்தலே ஒரு நாளில் இயலும். எந்த இழையைப் பற்றுவது? அன்று முழுவதும் பிள்ளைகள் மகிழ்ந்து சிரித்தது ஒரேயொரு முறை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

உரோமாபுரியின் தெருக்களில் வார்ப்பிரும்பினாலான குடிநீர்க் குழாய்கள் ஏறக்குறைய 2,500 உள்ளன. 1870களில் அமைக்கத் தொடங்கப்பெற்ற இவை இரவும் பகலும் ஓடுவன. வளைந்த குழல் மூக்குப் போலத் தோன்றுதலின் 'பெருமூக்கன்' என்னும் பொருள்பட 'நசோனே' என அழைக்கப்படுவன. குழலின் வாயை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டெழும், குனியாமலே குடிக்கலாம். இதனைத் தற்செயலாய்க் கண்டுபிடித்த இளையவள் தமையனின் சட்டையை நனைத்தாள். அன்றைய சிரிப்பு அதுவே. எனவே நீரையே மறுநாளின் இழையாகக் கொண்டோம்.

காலையில் மூவரிடமும் எம் தவற்றை ஒப்புக்கொண்டு, மூன்று உடன்படிக்கைகள் செய்தோம். வழிகாட்டும் படம் நடுவாமவளின் கையில் இருக்கும். ஒவ்வொருவரும் தாம் விரும்பும் ஓரிடத்தில் எல்லாரையும் நிறுத்தலாம், மற்றையோர் முணுமுணுத்தலாகாது. கேட்டாலன்றி யாம் விளக்கம் கூறமாட்டோம். மூன்றாவதே எமக்கு மிகக் கடினமாயிருந்தது.

முதலிற் சென்றது ஸ்பானியச் சதுக்கம். அங்கே நெடும் படிக்கட்டின் அடியிற் பாதி மூழ்கிய படகு வடிவில் ஒரு நீரூற்று உளது. பியேத்திரோ பெர்னினி என்னும் சிற்பி 1620களின் இறுதியில் அமைத்தது. தைபர் ஆற்றின் 1598ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ஒரு படகை அவ்விடத்திற் கொண்டுவந்து விட்டதாகச் செவிவழிக் கதையும் உண்டு. மூத்தவன் சிறிது நேரம் நோக்கியிருந்து, "ஏனைய ஊற்றுகள் உயரப் பாய்கின்றனவே, இது ஏன் தரைக்குக் கீழே கிடக்கின்றது?" என்றான். எமக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்தது.

அவ்வூற்றை ஊட்டுவது அக்குவா விர்கோ என்னும் கால்வாய். அகுஸ்துஸ் பேரரசனின் நண்பனும் படைத்தலைவனுமாகிய அகிரிப்பா கி.மு. 19இல் அதனை வெட்டுவித்தான். நகருக்குக் கிழக்கேயுள்ள ஊற்றிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஓடிவரும் அக்கால்வாய், அத்தனை தூரத்திலும் இறங்குவது ஏறத்தாழ 4 மீற்றர் மாத்திரமே. நடுவாமவள் கைத்தொலைபேசியிற் கணக்கிட்டு, கிலோமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண் அளவு என்றாள். பொறிகளின் உதவியின்றி அச்சரிவை அளந்து அமைத்தவர் திறமையை அவள் தானே வியந்தாள். இவ்வாறு மெல்ல வரும் நீருக்கு அவ்விடத்தில் மேலே பாயும் விசை இல்லை. ஆதலாற் சிற்பி ஊற்றையே தாழ அமைத்து, குறையைப் படகாக்கினான்.

(அப்படிக்கட்டில் அமர்வது 2019இல் தடைசெய்யப்பட்டது, மீறுவோர் தண்டம் செலுத்த நேரிடும். களைத்த பிள்ளைகளுடன் செல்வோர் இதனை நினைவிற் கொள்க.)

அடுத்து, நடுவாமவள் தன் உரிமையைப் பயன்படுத்தினாள். திரித்தோனே வீதியிலுள்ள ரினாசெந்தே என்னும் பல்பொருள் அங்காடிக்குச் செல்லவேண்டும் என்றாள். தமையன் முகஞ் சுளித்தான். அங்காடியின் நிலவறையில் இருப்பதை யாம் அறிந்திருந்தும் ஒன்றுஞ் சொல்லாது உடன் சென்றோம். ஆடை அணிகளைப் பார்த்தபின் அவர்கள் கீழே இறங்கினர். அங்கே அக்குவா விர்கோவின் கல்வளைவுகள் ஏறக்குறைய 60 மீற்றர் நீளத்துக்கு நின்றன! 2017இல் அங்காடி திறக்கப்பட்டபோது அவற்றை அவ்வண்ணமே யாவரும் காண விட்டிருக்கின்றனர். "நீங்கள் முன்னமே அறிந்திருந்தீர்களா, மாமா?" என்று மூவரும் எம்மைச் சூழ்ந்துகொண்டனர். முதல் நாளில் யாம் பேசிய பேச்செல்லாம் விளைக்காத ஆர்வத்தை அச்சிறு மௌனம் விளைத்தது.

கால்வாயின் பெரும்பகுதி நிலத்தடியிற் செல்வது. நகருட் புகுந்தபின் கடைசிப் பகுதியே வளைவுகளின் மேல் ஏறியது. 537இல் கொத்தியர் நகரை முற்றுகையிட்டுக் கால்வாய்களைத் துண்டித்தபோது, நிலத்தடியில் மறைந்து சென்ற இது முற்றாக அழியாது தப்பியது. 1453இற் பாப்பரசர் 5ஆம் நிக்கலஸ் இதனைத் திருத்தினார். இன்று நகரின் குடிநீரிற் பெரும்பகுதி வேறு ஊற்றுகளிலிருந்து வருகின்றது. ஆயினும் புகழ்பெற்ற பல நீரூற்றுகளைப் பழைய கால்வாயே ஊட்டுகின்றது.

அவற்றுட் பெரியதாகிய திரேவி சில நிமிட நடைத்தூரத்தில் உளது. நிக்கொலா சால்வி 1732இல் தொடங்கிய அவ்வேலை, அவர் 1751இல் இறந்தபின், 1762இல் நிறைவெய்தியது. மக்கள் திரள் மிகுந்த அவ்விடத்தில் இளையவள் நாணயம் எறிந்தாள். ஆண்டுதோறும் சேரும் அக்காசு பத்து இலட்சம் யூரோவுக்கு மேற்பட்டது. ஏழைகளுக்கு உதவும் நிறுவனத்துக்குச் செல்வது. சிற்பங்களிடையே ஒரு பெண் கையை நீட்டி நிற்பதையும் அவளே கண்டாள். தாகித்த போர்வீரர்க்கு ஊற்றைக் காட்டிய கன்னியொருத்தியின் கதை அது. 'விர்கோ' எனும் பெயர் அதனாலே வந்தது என்பர். மற்றொரு பக்கத்திற் கால்வாய்த் திட்டத்தை ஆராய்ந்து நிற்பவன் அகிரிப்பா.

பகலுணவுக்குச் சதுரமாய்ச் சுட்ட பீட்சாவைக் கத்தரிக்கோலால் நறுக்கி நிறுத்து விற்கும் கடையொன்றிற் புகுந்தோம். பசி வருமுன் உணவு, களைப்பு வருமுன் ஓய்வு என்பது இவ்வயதினர்க்கு மிக இன்றியமையாதது. வெயில் தணியும்வரை விடுதியிற் படுத்திருந்து, நான்கு மணிக்குப் பின்னரே மீண்டும் புறப்பட்டோம்.

பந்தியன் என்னும் பெருங்கோயிலைத் தெரிந்தெடுத்தவன் மூத்தவன். 2023 முதல் அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 18 வயதுக்குட்பட்டோர்க்கு இல்லை. 43 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடைய அதன் குவிமாடம் இரும்புக் கம்பியின்றிக் காரையாலே கட்டப்பெற்றது. உச்சியில் ஏறக்குறைய 9 மீற்றர் அகலமுள்ள திறப்பு. மழை நேரே உள்ளே விழும். விழும் நீர் வடியத் தரையில் 22 துளைகள் உள. வெளியே வந்து முகப்பை நோக்கிய நடுவாமவள், பொறித்திருந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்து, "அகிரிப்பா! திரேவியில் நின்றவரல்லவா?" என்று கூவினாள்.

அவனே. இக்கோயிலை முதலில் எழுப்பியவன் அகிரிப்பா. அருகே தான் கட்டிய பொது நீராட்டுச் சாலைகளுக்கு நீர் தரவே அக்குவா விர்கோவை வெட்டுவித்தான். காலை முதல் யாம் தொடர்ந்து வந்த நீர் சேர வேண்டிய இடம் அதுவே. அவன் கட்டிய கோயில் எரிந்துபோக, இன்று நிற்பதை ஹாட்ரியன் பேரரசன் 126ஆம் ஆண்டளவிற் கட்டி முடித்தான். எனினும் முகப்பிலே தன் பெயரைப் பொறிக்காது முன்னோன் பெயரையே பொறித்தான். மூத்தவன் இதனைக் கேட்டு நெடுநேரம் அம்முகப்பை நோக்கி நின்றான். யாம் வேறொன்றுங் கூறவில்லை.

மாலையில் நவோனாச் சதுக்கம் சேர்ந்தோம். தொமீசியன் பேரரசனின் ஓட்டப்பந்தய அரங்கு இருந்த இடமாதலின் அது நீண்டு கிடக்கின்றது. நடுவில் நிற்பது 1651இல் நிறைவெய்திய நாலாற்று நீரூற்று. காலையிற் கண்ட படகைச் செய்தவரின் மகன் ஜான் லொரென்சோ பெர்னினி வகுத்தது. அதே நீரால் ஓடுவது. தானியூப்பு, நைல், இலாப் பிளாத்தா ஆகியவற்றோடு ஆசியாவின் ஆறாக அமர்ந்திருப்பது கங்கை! நாம் தாயென வணங்கும் கங்கை அங்கே துடுப்பேந்திய தாடிக்கார ஆடவனாய் இருப்பதைக் கண்டு பிள்ளைகள் திகைத்தனர். ஆறுகளை ஆண் தெய்வமாகக் காட்டும் ஐரோப்பிய மரபை விளக்கினோம். நைலின் தலை ஏன் துணியால் மூடப்பட்டுள்ளது என்றாள் இளையவள். அக்காலத்தில் அதன் பிறப்பிடம் அறியப்படாமையால் என்றோம்.

அன்று யாம் நடந்த வழி மூன்று கிலோமீற்றருக்குங் குறைவு. கண்ட இடங்கள் ஐந்தே. காணாது விட்டவை எண்ணிறந்தன. ஆயினும் கண்டவை ஒன்றோடொன்று இணைந்திருந்தன. இணைப்பைக் கண்டுபிடித்தவரும் பிள்ளைகளே. வேறு நகருக்குச் செல்வோர் பாலங்களையோ கடிகாரக் கோபுரங்களையோ சந்தைகளையோ இழையாகக் கொள்ளலாம். அவ்விழை பிள்ளைகளின் சிரிப்பிலிருந்து எடுக்கப்படுமாயின், நடை தானே நிகழும். பெரியோர் செய்ய வேண்டியது முன்னரே நன்கு கற்றுக்கொண்டு சென்று, கேட்கும்வரை பொறுத்திருத்தலாம்.

அன்றிரவு உணவின்போது மூவரும் ஒருவரையொருவர் இடைமறித்துப் பேசிக்கொண்டிருந்தனர். யாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.