வட்டப்புழுவைத் தின்னும் பங்கசு: கிணற்றை நஞ்சாக்காமல் வேரைக் காப்பது எப்படி?

காலையில் இறைத்த கத்தரித் தோட்டம் மத்தியானத்துக்குள் வாடி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று மறுபடியும் இறைப்போம். இலை மஞ்சளாகிறது என்று பசளை போடுவோம். எதுவும் சரிவராமல் ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் முழுவதும் மணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். இதுதான் வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை.

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, பீற்றூட், புகையிலை, வாழை என்று நம் தோட்டங்களில் நிற்கும் பயிர்களில் பெரும்பாலானவற்றை இது தாக்கும். இதன் குஞ்சு அரை மில்லிமீற்றர் நீளம்கூட இராது. வேர் நுனிக்கு அருகால் உள்ளே நுழைந்து, ஓரிடத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். பெண் புழு பசை போன்றதொரு பொதிக்குள் பல நூறு முட்டைகளை இடும். நமது வெப்பநிலையில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஒரே போகத்துக்குள் பல தலைமுறைகள் பெருகிவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயற்றை, உழுந்து, கச்சான் வேர்களிலும் சிறு முடிச்சுகள் இருக்கும். விரலால் தட்டினால் அவை உதிரும். அவை நைதரசன் தரும் நல்ல முடிச்சுகள். வட்டப்புழுவின் முடிச்சு வேரின் வீக்கமே என்பதால் தட்டினாலும் உதிராது.

நஞ்சு எங்கே போகிறது?

காபோபியூரன் போன்ற குருணை நஞ்சுகளே உலகெங்கும் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டன. புழுவின் நரம்பைத் தாக்கும் அந்த நஞ்சு மனிதரின் நரம்பையும் தாக்கும். பல நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன. யாழ். குடாநாட்டைப் பொறுத்தவரை இது இன்னும் பாரதூரமான விடயம். செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். மண்ணில் போடுவது நிலத்தடி நீரை எளிதில் சென்றடையும். தோட்டத்துக்கு இறைப்பதும் பிள்ளைகள் குடிப்பதும் அதே நீரைத்தான். கிணறு ஒருமுறை பழுதானால் என்ன நடக்கும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்டோம்.

மண்ணுக்குள் இருக்கும் எதிரிகள்

வட்டப்புழுவுக்கும் எதிரிகள் உண்டு. ஆர்த்ரோபொற்றிஸ் என்ற பங்கசு ஒட்டும் வலை பின்னி, அதில் மாட்டும் புழுவைத் துளைத்துத் தின்கிறது. 1888 இல் ஜேர்மனிய ஆய்வாளர் வில்ஹெம் சொப் இதை நேரில் பார்த்துப் பதிவுசெய்தார். வேறு சில பங்கசுகள் சுருக்குக் கயிறுபோல வளையம் வைத்துப் பிடிக்கின்றன.

தோட்டத்துக்குக் கூடுதலாகப் பயன்படுவன முட்டைகளைத் தாக்கும் பங்கசுகள். 1979 இல் பெரு நாட்டில், சர்வதேச உருளைக்கிழங்கு ஆய்வு நிலைய ஆய்வாளர்கள் வட்டப்புழு முட்டைகளை அழிக்கும் பங்கசு ஒன்றைப் பற்றி அறிவித்தனர். இன்று அதன் பெயர் பேர்பியூரியோசிலியம் லிலாசினம். பல நாடுகளில் அது பொடியாக விற்கப்படுகிறது. நமக்குப் பழக்கமான ட்ரைக்கோடேர்மாவும் வேரைச் சுற்றிக் குடியேறி, பயிரின் எதிர்ப்பைக் கூட்டி, புழுவின் பெருக்கத்தை ஓரளவு குறைக்கும்.

இங்கிலாந்தில் தானியப் பயிர்களைத் தாக்கிய ஒருவகை வட்டப்புழு, அதே வயல்களில் தொடர்ந்து தானியம் விதைத்தும் பெருகாமல் குறைந்தது. பிறையன் கெரியின் ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. யாரும் எதையும் தூவவில்லை. மண்ணில் ஏற்கெனவே இருந்த பங்கசுகளே ஆண்டுக்கணக்கில் பெருகிப் புழுவை அடக்கியிருந்தன.

பொடி மட்டும் போதாது

பங்கசு ஒரு போத்தல் மருந்தல்ல, உயிர். அதற்கு ஈரமும் நிழலும் உணவும் காலமும் தேவை. வெயிலில் காய்ந்த வெறும் மண்ணில் தூவினால் செத்துவிடும். இந்தியாவின் பெங்களூரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவகம் பரிந்துரைக்கும் முறை எளிதானது. நன்கு மக்கிய மாட்டெருவுடன் வேப்பம் பிண்ணாக்கையும் பங்கசுப் பொடியையும் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் மூடி இரண்டு வாரம் வைக்க வேண்டும். அந்த எருவை நாற்றுமேடையிலும் நடுகைக் குழியிலும் இட வேண்டும். பொடியின் அளவைப் பொதியில் உள்ளபடி பாருங்கள். கலக்கும்போது முகக்கவசம் அணிந்து, பின்னர் கையைக் கழுவுங்கள். பங்கசு நாசினி இட்ட மண்ணில் இதை உடனே சேர்க்க வேண்டாம். பதிவுபெற்ற பொதிதானா, காலாவதித் திகதி எப்போது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து வாங்குங்கள்.

போரில் மாடுகளை இழந்த பல குடும்பங்களுக்கு இன்று மாட்டெரு காசுக்கு வாங்கும் பொருள். அவர்களுக்கு உதவக்கூடியது சணல். வேர்முடிச்சு வட்டப்புழு சணலில் பெருகுவதில்லை. சணலைத் தாழ்த்த மண்ணில் புழுவைப் பிடிக்கும் பங்கசுகள் கூடுவதை ஹவாயில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

பங்கசு புழுவை அடியோடு அழிக்காது. நஞ்சைப்போல ஒரே வாரத்தில் பலனும் தராது. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நவம்பரில் பின்வாங்கியதை மறந்திருக்க மாட்டோம். உயிருள்ள மண்ணை வர்த்தமானி அறிவித்தலால் உருவாக்க முடியாது. முதலில் நாற்றுமேடையிலும் ஒரு பரப்பிலும் செய்து பாருங்கள். பக்கத்துப் பரப்பை வழமைபோல விட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இந்தப் போகம் முடிந்து கன்றுகளைப் பிடுங்கும்போது வேரைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அதை வரம்போரத்தில் போடாமல், எருக் குவியலிலும் சேர்க்காமல், வேரோடு காயவைத்து எரித்துவிடுங்கள். அடுத்த நாற்றுமேடைக்கான எருவை அன்றைக்கே நிழலில் கூட்டி வையுங்கள்.