பின் ஆசனத்தில் ஒரு விருந்தாளி

அமெரிக்காவில் விஸ்கான்சின் ராஜ்யத்திலுள்ள ஆஷ்கோஷ் நகரில் 1970 முதல் கோடைதோறும் ஆகாய விமானத் திருவிழா நடக்கிறது. கொள்ளை நோயால் 2020-ல் மட்டும் நின்றது. அணிவகுத்துப் பறக்கும் பழைய டி-6 டெக்ஸன் விமானங்களைக் காண ஜனங்கள் அண்ணாந்து நிற்பார்கள். இரண்டாவது மகாயுத்தத்தில் விமானிகளைப் பழக்கிய விமானம் இது. நம் விமானப் படையிலும் ஹார்வர்ட் என்ற பெயரில் பறந்தது. 600 குதிரைச் சக்தி இஞ்சின். முன்னால் மாணவன், பின்னால் வாத்தியார். இன்று வாத்தியார் இடத்தில் விருந்தாளி!

அவர் பாடு சுலபமல்ல. முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு கட்டுப்பாட்டுக் கோல் தானே ஆடிக்கொண்டிருக்கும். தொடக்கூடாது. பையில் சில்லறைக் காசும் இருக்கலாகாது. கீழே விழுந்து எங்கேனும் சிக்கினால் ஆபத்து.

மேலே போனதும் பக்கத்து விமானத்தின் இறக்கை சில அடி தூரத்தில் நிற்கும். பின்தொடரும் விமானி தலைவர் விமானத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பூமி எங்கே, வானம் எங்கே என்பதெல்லாம் தலைவர் பொறுப்பு. அவர் தவறினால்? 1982 ஜனவரியில் நெவாடாவில் அமெரிக்க விமானப் படையின் தண்டர்பேர்ட்ஸ் குழு ஒத்திகை பார்த்தது. தலைவரைத் தொடர்ந்து மூன்று ஜெட் விமானங்களும் தரையில் மோதின. நால்வரும் மாண்டனர்.

விருந்தாளிக்கு இது தெரியும். தெரிந்துதான் ஏறுகிறார். காசு கொடுத்து ஏற முடியாது என்பதுதான் வேடிக்கை. கட்டணப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அணிவகுத்துப் பறக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. லட்சாதிபதியானாலும் விமானியின் சிநேகிதம் வேண்டும்!